கழிவு எத்தனை பர்சென்ட்

எங்கள் கடைத்தெரு முனையில் ஒரு மின்கம்பம் இருக்கிறது. இறந்தவர்களுக்கான மவுத் அறிவிப்பு, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் அதில்தான் ஒட்டுவார்கள். நான் கப்பலிலிருந்து லீவில் வந்திருந்த சமயம், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தாவோடு நடந்து வரும்போது அதில் புதிதாக ஒரு அரசு அறிவிப்பைப் பார்த்தேன். எங்கள் கடற்கரையில் சுற்றுலாக் கப்பல்களுக்காக ஒரு இறங்குதுறை கட்டப் போகிறார்களாம். கப்பல் ஆழம் பார்த்துத் தள்ளி நங்கூரம் போடும். பயணிகள் படகில் கரைக்கு வந்து, தரங்கம்பாடிக் கோட்டை, தஞ்சாவூர்ப் பெரிய கோயில் என்று பஸ்ஸில் சுற்றிவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார்கள். அதைப் பற்றி ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்கக் கல்யாண மண்டபத்தில் கூட்டம். கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள். அவற்றில் ஒன்று, கப்பல்களின் கழிவு கரையில் பெற்றுக்கொள்ளப்படும் என்றது.

அத்தா அந்த வரியில் விரலை வைத்து நிறுத்தி நிறுத்திப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா? வெளிநாட்டுக்காரனா இருந்தா என்ன, நம்மூருக்கு வந்தா அவனும் கழிவு வாங்கிட்டுத்தான் போவான்."

எங்களுடையது ஜவுளிக்கடை. கல்யாணத்துக்கு மொத்தமாகத் துணி எடுப்பவர்களுக்கு விலையில் குறைத்துக் கொடுப்பதற்குக் கடையில் கழிவு என்றுதான் பெயர். கல்லாவுக்கு மேலே 'மொத்தமாக எடுப்பவர்களுக்குக் கழிவு உண்டு' என்று ஒரு பலகையே தொங்கியது. அத்தா வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வேடிக்கை பேசுகிற ஆள் இல்லை. அது தெரிந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கும் அந்த வரியைப் படித்ததும் சந்தோஷம்தான். ஆனால் அதற்குக் காரணம் வேறு. கப்பலில் என் வேலை கழிவுப் பிரிவில். அடியில், எஞ்சினுக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஒரு அறை. மேலே பயணிகள் தின்று குடித்து மிச்சம் வைத்ததெல்லாம் அங்கே வந்து இறங்கும். சாப்பாட்டு மிச்சம் ஒரு டிரம், கண்ணாடி ஒரு டிரம், பிளாஸ்டிக் ஒன்று, காகிதம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். நாங்கள் கையுறை போட்டுக்கொண்டு பிரிப்போம். தப்பான டிரம்மில் ஒரு ஸ்பூன் கிடந்தால்கூட மேலதிகாரி வந்து பாடம் எடுப்பார். சுவரில் கண்ணில் படும் உயரத்தில் கடலில் எதையும் எறியாதே என்று பல மொழிகளில் எழுதியிருக்கும். தமிழில் இல்லை. எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு.

சட்டம் என்றால் அப்படி ஒரு சட்டம். சில கடல்களில் சாப்பாட்டு மிச்சத்தை அரைத்துக்கூட விடக்கூடாது. சில கடல்களில் கரையை விட்டு இவ்வளவு தூரம் போனபிறகு விடலாம். அந்தக் கோடு வரும்வரை தொட்டியில் பிடித்து வைத்திருந்து, தாண்டியதும் திறந்துவிடுவோம். நான் ஒரு தடவை வேலை முடிந்து மேலே போய் அந்தக் கோட்டைத் தாண்டுவதைப் பார்க்க ஆசைப்பட்டு நின்றேன். இந்தப் பக்கம் இருந்த தண்ணீர்தான் அந்தப் பக்கமும் இருந்தது. மீனுக்கு அது தெரியுமா என்று என்னோடு வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு தீவில் ஊர்க்காரர்களே கூடித் தீர்மானம் போட்டிருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு கப்பல்தான். இரண்டாவது கப்பல் வந்தால் வெளியே காத்துக்கிடக்க வேண்டும். நாங்கள் அப்படிக் காத்துக்கிடந்தபோது மேல்தளத்தில் பயணிகள் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அடுத்து நின்ற தீவில் அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. கப்பல்கள் வரிசையாக நின்று ஆட்களைக் கொட்டின. கடைக்காரர்கள் முகமெல்லாம் மலர்ச்சி. அதைப் பார்த்தும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைக்காரர் மகனாயிற்றே. இந்த இரண்டில் எது சரி என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். நல்லவேளை, கழிவு அறையில் இருப்பவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

ஊரில் கேட்டார்கள். அறிவிப்பு ஒட்டிய மறுவாரமே நாகப்பட்டினத்திலிருந்து ஒரு ஒப்பந்தக்காரர் வீடு தேடி வந்தார். கப்பல்களின் கழிவைக் கரையில் வாங்கிப் பிரித்து அனுப்ப ஒரு நிலையம் வேண்டும். அதை நடத்தும் வேலையை எடுக்க அவர் முயன்றுகொண்டிருந்தார். "உங்க அளவுக்கு இதுல பழக்கம் உள்ள ஆளு இந்த ஜில்லாவுல இல்லீங்க. நீங்கதான் சூப்பர்வைசர். கூட்டத்துல மட்டும் நாலு வார்த்தை நல்லதா சொல்லிடுங்க" என்றார். இரண்டு டம்ளர் டீ குடித்தார். அவர் எழுந்து போனதும் என் மனைவி அலமாரி மேலிருந்த கப்பல் பெட்டியை இறக்கி, துடைத்து, பழைய ஜன்னல் திரைகளையும் குளிர்காலப் போர்வைகளையும் அதில் அடைத்தாள். பிறகு நாற்காலி போட்டு ஏறிப் பரணில் தள்ளினாள்.

"இனிமே அது போர்வைப் பெட்டி" என்றாள்.

என் மகளுக்கு அப்போது இரண்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் என் அத்தா அவளுக்குக் 'கடை அத்தா'. நான் 'கப்பல் அத்தா'. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாக வைத்துக்கொண்ட பெயர்கள். பெட்டி பரணுக்குப் போன அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவளிடம் அவள் அம்மா விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். சோறு தின்னும்போது அவள் என்னிடம், "அத்தா, அந்தத் தண்ணிய எடுங்க" என்றாள். வெறும் அத்தா. தண்ணீரை அவளுக்குக் கொடுக்காமல் நானே குடித்துவிட்டேன். அவள் அதற்குச் சண்டை போட்டாள்.

இந்த வேலை கிடைக்க வேண்டும் என்று நான் துஆ கேட்காத தொழுகை இல்லை. வேறு எதற்காகவும் நான் அப்படிக் கேட்டதாக நினைவில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. நிலையத்துக்கு அவர்கள் குறித்திருந்த இடம், முகத்துவாரத்தை ஒட்டிய கருவாட்டுக் களத்துக்கு அடுத்த மேடு. களத்தை நடத்துவது என்னோடு படித்தவனின் அக்கா. அவன் துபாயில் படகு ஓட்டிக்கொண்டிருந்தான். அக்கா வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் கடையில் துணி எடுப்பார், கழிவு பேசுவார், அத்தாவோடு மல்லுக்கட்டி ஜெயித்துவிட்டுப் போவார். அவர்கள் வீடு முன்பு கடலுக்கு எதிரிலேயே இருந்தது. சுனாமிக்குப் பிறகு கடலோரம் குடியிருக்க ஆகாது என்று ரோட்டுக்கு மேற்கே காலனி வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கரையில் அவர்களுக்கு மிஞ்சியது அந்தக் களம் ஒன்றுதான்.

நான் களத்துக்குப் போனபோது அக்கா வாளை மீனைப் பிளந்து உப்பு அடைத்துக்கொண்டிருந்தார். அவர் சண்டைக்கு வருவார் என்று நினைத்துத்தான் போனேன். அவரோ என்னை விடக் குழம்பிப் போயிருந்தார்.

"எங்கள கரைய விட்டுத் தள்ளிப் போன்னாங்க தம்பி. இப்ப கப்பல கரைக்கு வான்னு கூப்புடுறாங்க. ரெண்டையும் சொல்றது ஒரே கவர்மெண்டுதான? எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா, ஆளுவள ஏத்தி எறக்கப் படகு ஓட்டணும்ல? என் தம்பி துபாய்ல ஓட்டுறத இங்கயே ஓட்டலாம்ல? வந்துட்டா அம்மா மொகத்த ஒரு தடவ பாப்பான்."

"ஓட்டலாம்க்கா."

"அப்ப வரட்டும்ங்கிறியா?"

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு ஒரு வேலை, அவர் தம்பிக்கு ஒரு வேலை. நடுவில் அந்தக் களம். கப்பல் கழிவின் நாற்றம் எனக்குத் தெரியும். அது வரும் மேட்டுக்குப் பக்கத்தில் கருவாடு காயவைத்தால் யார் வாங்குவார்கள்? வாங்கமாட்டார்கள் என்று சொல்ல நாக்கு வரவில்லை. நல்ல முறையில் நடத்தினால் நாறாது என்றும் எனக்குத் தெரியும். நடத்தப்போவது நான்தானே, நான் நல்ல முறையில் நடத்துவேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

கூட்டத்தன்று மண்டபத்தில் மின்விசிறிகள் இருந்தன, காற்று இல்லை. மேடையில் அதிகாரிகள். முன்வரிசையில் கடைத்தெருக்காரர்கள். பின்னால் மீனவர் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள். மயிலாடுதுறையிலிருந்து ஜோல்னாப் பையோடு சில இளைஞர்கள் வந்து சுவரோரம் நின்றார்கள். திரையில் ஒரு வெள்ளைக் கப்பலைக் காட்டினார்கள். ஊரே வாயைப் பிளந்தது. அதை அடியிலிருந்து பார்த்தவன் அந்த மண்டபத்தில் நான் ஒருவன்தான்.

வியாபாரிகள் சார்பில் அத்தா பேச எழுந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார்.

"ஐயா, கப்பல் வரட்டும். நாங்க வரவேக்குறோம். ஒரே ஒரு விஷயம். கரையில கழிவு குடுக்கணும்னு போட்டுருக்கீங்க. குடுக்குறோம், வழக்கம்தான். ஆனா எத்தன பர்சென்ட்னு போடல. கப்பக்காரன் இஷ்டத்துக்குக் கேட்டா சின்னக் கடைக்காரன் எங்க போவான்? அதுக்கு ஒரு வரம்பு வேணும்" என்றார். முன்வரிசை கைதட்டியது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தா நிறுத்தவில்லை. என் பக்கம் கையை நீட்டினார். "இந்தா என் மவன் இருக்கான். கப்பல்ல கழிவுப் பிரிவே அவன் பொறுப்புதான். எவனுக்கு எத்தன பர்சென்ட்னு அவனுக்கு அத்துப்படி. அவன ஒரு வார்த்த கேட்டுக்குங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் முதல் தடவை கப்பலுக்கு ஒப்பந்தத்தில் போயிருந்தபோது போனில், என்ன வேலை என்று அத்தா கேட்டதற்கு, "கழிவுப் பிரிவு" என்றேன். மனிதர் அன்றிலிருந்து, மகன் கப்பலில் இருக்கும் பெரிய கடையில் கழிவு போட்டுக் கொடுக்கும் உத்தியோகத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். பள்ளிவாசலிலும் கடையிலும் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்? சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். அதற்குள் மைக் என் கைக்கு வந்துவிட்டது.

"அது வந்துங்க, கழிவுன்னா தள்ளுபடி இல்லீங்க" என்று ஆரம்பித்தேன். "கப்பல்ல ஆளுங்க சாப்ட்ட மிச்சம், பாட்டிலு, பிளாஸ்டிக்கு, எண்ணெ, அழுக்கு. அதத்தான் கழிவுன்னு போட்டுருக்காங்க. கடல்ல கொட்டக் கூடாது, கரையில வாங்கணும்னு சட்டம். அது நல்ல சட்டம். நான் அந்தப் பிரிவுலதான் இருக்கேன். அதப் பிரிக்கிறதுதான் என் வேல."

அத்தாவைப் பார்க்காமல்தான் சொன்னேன். ஆனாலும் அவர் மெல்ல உட்கார்வது ஓரக்கண்ணில் தெரிந்தது.

ஒப்பந்தக்காரர் பக்கவாட்டிலிருந்து, சொல்லுங்க சொல்லுங்க என்று கையைக் காட்டினார். நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாய்க்குள் தயாராகவும் இருந்தது. அப்போது பின்வரிசையில் அக்கா எழுந்தார்.

"தம்பி, எங்கள்ட்டயும் கழிவு இருக்கு. வலையில வர்ற பொடி மீனு. அத லாரிக்காரன் கோழித் தீவனத்துக்கு நாமக்கல்லுக்கு ஏத்திட்டுப் போவான். அது மாதிரி, எங்க பக்கத்துல வாங்கி வைக்கிற கப்பக் கழிவ எங்க ஏத்திட்டுப் போவாங்க? அத மட்டும் சொல்லு."

சாதாரணமாகத்தான் கேட்டார். மடக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நான் ஒரு இடத்தைச் சொல்வேன், அவரும் நிம்மதியாக உட்காருவார், தம்பி ஊர் திரும்புவான். அதுதான் அவர் முகத்தில் இருந்தது.

நான் யோசித்தேன். எத்தனையோ துறைமுகங்களில் கட்டிக் கட்டி இறக்கிக் கொடுத்திருக்கிறேன். கப்பலை ஒட்டி ஒரு தட்டையான படகு வந்து நிற்கும், இல்லையென்றால் கரையில் லாரி நிற்கும். அவர்கள் வாங்கிக்கொள்வார்கள், நாங்கள் கதவைச் சாத்துவோம். கதவுக்கு அந்தப் பக்கம் அது எங்கே போனது? ஒருநாள்கூட எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதில்லை. மேடையைப் பார்த்தேன். அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒப்பந்தக்காரர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

"தெரியாதுக்கா" என்றேன்.

மைக்கில் அது ரொம்பச் சத்தமாகக் கேட்டது. சுவரோரம் நின்ற இளைஞர்கள் கைதட்டினார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குத்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மேடையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் மூத்த அதிகாரி எழுந்து, கழிவு போய்ச் சேரும் இடம் முடிவாகும்வரை இந்தத் திட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது என்றார். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்ற நிம்மதிதான் தெரிந்தது.

வாசலில் ஒரு ஜோல்னாப் பை இளைஞர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "தைரியமா உடைச்சீங்க சார்" என்றார். கடைத்தெருக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். ஒப்பந்தக்காரரைக் காணோம். அதற்குப் பிறகு அவர் என் போனை எடுக்கவே இல்லை. நான் எதை உடைத்தேன்? எதை எதிர்த்தேன்? சட்டம் நல்ல சட்டம் என்றுதானே சொன்னேன்! கடலில் கொட்டாதே என்றால் கரையில் வாங்கு என்று அர்த்தம். கரை என்றால் யாரோ ஒருவர் குடியிருக்கும் இடம். இதற்கு மேல் என் புத்தி ஓடவில்லை, இன்றுவரை ஓடவில்லை.

அக்காவாவது சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பஸ் நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ஏன்டா தம்பி தெரியாதுன்ன? நாமக்கல்லுன்னே சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதா? இனிமே அவன் எங்க வரப்போறான்?"

"களம் மிஞ்சுச்சுல்லக்கா."

"மிஞ்சுச்சு. மிஞ்சி?"

வீட்டில் அத்தா முன்னறையில் உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றவில்லை. "அப்ப நீ அங்க குப்பை அள்ளுறியா?" என்றார்.

"பிரிக்கிறேன் அத்தா."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, "கை புண்ணாவுமா?" என்று கேட்டார். கையுறை உண்டு என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தொழப் போனார். அடுத்த வாரம் கடைக்குப் போனபோது கல்லாவுக்கு மேலே அந்தப் பலகை இல்லை. புதுப்பலகையில் 'டிஸ்கவுண்ட் உண்டு' என்று இருந்தது.

லீவு முடிந்து ஏஜென்டிடமிருந்து அழைப்பு வந்தது. என் மனைவி நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். போர்வைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "தெரியும்னு சொல்லிருந்தா என்ன?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் நேர்மையாக இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த நிமிஷத்தில் நேர்மை எதுவும் என் ஞாபகத்தில் இல்லை. தெரியாததால் தெரியாது என்றேன், அவ்வளவுதான்.

கிளம்பும் அன்று காலையில் அக்கா வந்தார். கோபம் போயிருந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. வாளைக் கருவாட்டை நாலைந்து சுற்றுச் செய்தித்தாளில் பொதிந்து, மேலே பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். "நீ காப்பாத்துன களத்துல காஞ்சது. தின்னு" என்றார். அது பாராட்டா திட்டா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

கருவாட்டுக்குக் கப்பலில் இடமில்லை. வெளியிலிருந்து எந்தச் சாப்பாட்டுப் பொருளும் ஏறக்கூடாது என்று விதி. நோய் பரவாமல் இருக்கவும், ஒரு ஊர்ப் பூச்சி இன்னொரு ஊருக்குப் போகாமல் இருக்கவும் போட்ட விதி. அதுவும் நல்ல விதிதான். தெரிந்தும், அக்காவிடம் வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். ஏறும் இடத்தில் காவலர் பெட்டியைத் திறந்து, பொட்டலத்தை முகர்ந்து, முகத்தைச் சுளித்து, ஒரு கறுப்புப் பையில் போட்டார்.

அந்தப் பை கீழே என் அறைக்கு வந்தது. வேறு எங்கே போகும்? மறுநாள் காலை வேலையில் நான்தான் அதைப் பிரித்தேன். பிளாஸ்டிக்கை அதன் டிரம்மில் போட்டேன். செய்தித்தாளைச் சுருக்கம் நீக்கிக் காகித டிரம்மில் போட்டேன். கருவாடு கையில் இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த அறைக்கு வந்த கழிவில், எந்தக் களத்திலிருந்து வந்தது, யார் கை உப்பு என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். சாப்பாட்டு டிரம் பக்கத்திலேயே இருந்தது. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு மீதியை டிரம்மில் போட்டேன். அழுகை வந்தது. அந்த அறையில் கண் கலங்க ஆயிரம் காரணம் உண்டு, யாரும் கேட்கவில்லை.

அடுத்த துறைமுகத்தில் நின்றதும் வீட்டுக்குப் போன் போட்டேன். மகள்தான் எடுத்தாள். என் குரல் கேட்டதும் ரிசீவரை விலக்கி உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"அம்மா, கப்பல் அத்தா பேசுறாங்க!"